ஏரிவாரியமும் எங்கள் பிரதேச சபையும்

சில வாரங்களுக்கு முன் மாலை வகுப்பு முடிந்தபின் மாணவன் ஒருவன் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். "காலநிலைத் தாங்குதிறனும் இயற்கை மீட்சியும்" என்பது அதன் தலைப்பு. "ஐயா, காலநிலை விளங்குகிறது, இயற்கையும் விளங்குகிறது. இந்தத் தாங்குதிறன் என்பது யாது? அகராதியில் தேடியும் அகப்படவில்லை" என்றான்.

சொல்லுக்குப் பொருள் கேட்டால் உபாத்தியாயருக்கு உற்சாகம் பிறத்தல் இயல்பு. யானும் விரிவாகவே சொன்னேன். தாங்குதல் என்னும் வினைக்குச் சுமத்தல், பொறுத்தல், புரத்தல் எனப் பல பொருளுண்டு. தூண் கூரையைத் தாங்குகிறது. தாய் பிள்ளையைத் தாங்குகிறாள். தூண் அசையாது நின்று தாங்கும், அசைந்தால் விழும். தாயோ வளைந்தும் நிமிர்ந்தும் தாங்குவாள். ஓர் ஊர் வெள்ளத்தையும் வரட்சியையும் பட்டு, வளைந்து, பின் நிமிர வல்லதாயின் அவ்வூர் தாங்குதிறன் உடையது என்று கூறி முடித்தேன். விளக்கம் எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

மாணவனுக்கு அது போதவில்லை. "அப்படியானால், ஐயா, நவம்பர் வெள்ளத்தை எங்கள் ஊர் தாங்கினதா?" என்று கேட்டான்.

அவ்வினாவுக்கு அன்று யான் விடை கூறவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

முன்னேஸ்வரம் சிலாப நகருக்கு அணித்தாயுள்ள பழம்பதி. ஈழத்து ஈசுவரங்களுள் ஒன்றாகிய இத்தலத்துக்கு வடபால் ஓடும் ஆற்றைத் தெதுறு ஓயா என்று இன்று வழங்குவர். மாயவனாறு என்பது நம்மவர் வழக்கு. ஆவணி மாதத்துப் பெருந்திருவிழா முடிவிலே இறைவன் தீர்த்தமாடுவது அவ்வாற்றிலேதான். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கூடும் விழா அது. அவ்வாறு நமக்குப் புறம்பானதன்று. எங்கள் ஊரின் பஞ்சாங்கத்திலே இடம்பெற்ற ஆறு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா என்னும் புயல் இலங்கையைக் கடந்தது. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டிலே மண் சரிந்தது. தாழ்நிலங்களிலே ஆறுகள் கரை கடந்தன. தெதுறு ஓயாவும் பெருக்கெடுத்துச் சிலாபப் பகுதியை நீரில் ஆழ்த்தியது. என் இல்லத்திலும் முழங்காலளவு நீர் நின்றது. கீழ்த்தட்டில் வைத்திருந்த நிகண்டுகளும் உரைநூல்களும் நனைந்து ஊறிப் பாழாயின. உயிரையும் வீட்டையும் இழந்தவர் முன்னிலையில் அவ்விழப்பைச் சொல்ல நாணுகிறேன். ஆயினும் நூல்களை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தபோது எனக்கொரு கேள்வி எழுந்தது. மழை மிகுந்தது உண்மை; மழை ஒன்றுதானா காரணம்?

வளி வெப்பமுறுந்தோறும் அது கொள்ளும் நீராவியும் மிகும். ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீரை வளி சுமக்கும் என்பது பௌதிக நூலார் துணிபு. ஆகவே புயல் வருங்காலத்து மழை முன்னிலும் கடுமையாகப் பொழிகிறது. உலகைச் சூடேற்றிய புகையில் எங்கள் ஊரின் பங்கு மிகச் சிறிது. அதனைத் தடுத்தல் பிரதேச சபையின் கையில் இல்லை. பெய்த மழையை ஊர் எவ்வாறு ஏற்கிறது என்பதோ பெரிதும் ஊரார் கையில் உள்ளது. முன்னாளில் எங்கள் நிலத்துக்கு மூன்று காவல்கள் இருந்தன: மேலே குளம், இடையே மணல், கீழே கண்டல்.

முதலாவது குளம். தெதுறு ஓயாவின் மேற்படுகையிலே சிறு குளங்கள் பெருந்தொகையாய் உள்ளன. ஒன்றிலிருந்து வழிந்த நீர் அடுத்ததற்கு வரவாகும் வண்ணம் முன்னோர் அவற்றைத் தொடராக அமைத்தனர். சிங்களத்திலே இதனை எல்லங்காவ என்பர். குளத்தின் மேற்பால் காற்றைத் தடுக்கும் மரச்சோலை. நீர் வரும் வழியிலே வண்டலை வடிக்கும் புற்றரை. அணைக்கட்டின் கீழ்ப்பால் உவரை உறிஞ்சும் செடித்தொகுதி. குளம் என்றால் இவை யாவும் சேர்ந்ததே. உலக உணவு விவசாய நிறுவனம் 2017 இல் இவ்வமைப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. மரபுரிமை என்ற பட்டம் கிடைத்த காலத்திலே பல குளங்கள் வண்டலால் மேடுற்றுக் கிடந்தன. ஆழம் குறைந்த குளம் பெருமழையைப் பிடித்து வைக்க மாட்டாது. பிடிக்காத நீர் அன்றே ஆற்றுக்கு வரும்.

இரண்டாவது மணல். ஆற்றுப் படுகையிலே கிடக்கும் மணல் வெறும் கட்டடப் பொருளன்று. அது நீரை உறிஞ்சி வைத்துக் கோடையிலே கிணறுகளுக்கு ஊட்டும், கரையைத் தாங்கும், ஈற்றில் கடலுக்குச் சென்று கடற்கரையாகும். தெதுறு ஓயாவில் நெடுங்காலம் நிகழ்ந்த மணலகழ்வினால் படுகை தாழ்ந்தது, கரைகள் இடிந்தன, கோடையில் உவர்நீர் ஆற்றுவழியே உள்ளே ஏறுகிறது. ஆறு கொடாத மணலைக் கடல் கரையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மேற்குக் கடலோரத்துக் கரையரிப்பிற்கு இது பெருங்காரணம்.

மூன்றாவது கண்டல். அலையாத்தி என்றும் அதற்குப் பெயருண்டு. அலையை ஆற்றுவது அலையாத்தி. பெயரிலேயே தொழிலை வைத்தனர் நம் முன்னோர். சைவர்க்கு அது புதிய மரமன்று. சிதம்பரத்தின் தலமரமாகிய தில்லை, பிச்சாவரத்துக் கழிமுகத்திலே நிற்கும் அவ்வினத்து மரமே. சிலாபக் களப்பு, முந்தல் களப்பு, புத்தளக் களப்பு ஆகியவற்றின் ஓரமெங்கும் கண்டற்காடு நின்றது. 1980 ஆம் ஆண்டுகளிலே இறால் பண்ணைத் தொழில் இங்கு பரவியது. அதனால் பலருக்கு வேலையும் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் கிடைத்தமையை மறுப்பதற்கில்லை. ஆனால் காடு வெட்டப்பட்டது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது, இறால் மடிந்தது, பண்ணைக்காரர் பலர் குளங்களைக் கைவிட்டுச் சென்றனர். 1992 க்கும் 2012 க்கும் இடையிலே புத்தளக் களப்பைச் சூழ்ந்த கண்டற்காட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அழிந்தது. இறாலும் இல்லை, காடும் இல்லை என்ற நிலையிலே வரம்பு மட்டும் எஞ்சிய வெற்றுக் குளங்களை இன்றும் வழிநெடுகக் காணலாம். சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான் சரணாலயம் 2001 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அச்சரணாலயத்துள்ளும் 2020 ஓகஸ்டில் இறால் பண்ணைக்கென இயந்திரம் இறங்கிக் கண்டலை அழித்தது. பட்டயம் மட்டும் மரத்தைக் காவாது என்பதற்கு இது சான்று.

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பினர் களப்போரத்திலே கண்டற்கன்று நாட்டும் விழா நடத்தினர். என் மாணவர் முப்பதின்மர் சென்றனர், யானும் சென்றேன். நெய்தல் நிலத்தின் சிறப்பைப் பற்றி அரைமணி நேரம் சொற்பொழிவாற்றினேன். மாலை அணிந்தோம், படம் எடுத்தனர். ஆறு திங்கள் கழித்து அவ்வழியே செல்ல நேர்ந்தது. கன்றுக்குத் துணையாக ஊன்றிய குச்சிகள் நின்றன, கன்று ஒன்றுமில்லை. அருகே வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம் காரணம் கேட்டேன். "வாத்தியார் ஐயா, அந்த இடத்தில் தண்ணீர் வற்றுவதே இல்லை. அங்கே கண்டல் எக்காலமும் முளைத்ததில்லை. நட வந்தவர்கள் எங்களைக் கேட்கவில்லையே" என்றார். அரைமணி நேரம் நெய்தலைப் பற்றிப் பேசிய யானும் அவரைக் கேட்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த தவறன்று. இலங்கையிலே கண்டல் நாட்டிய 23 இடங்களை ஆராய்ந்த அறிஞர் குழுவொன்றின் முடிவு 2017 இல் வெளிவந்தது. ஆயிரம் முதல் ஆயிரத்திருநூறு ஹெக்டேயர் வரை நாட்டியதில் நிலைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் பிழைக்கவில்லை. இடம் பொருந்தாமை, இனம் பொருந்தாமை, நட்டபின் பேணாமை என்பவையே காரணங்கள். நாட்டுதற்குப் பணம் கொடுத்தவர் பலர். காத்தற்குக் கொடுத்தவர் அரியர்.

காத்தல் யார் கடன்? இவ்வினாவிலேதான் உள்ளூராட்சி வருகிறது. "பிரதேச சபைக்கு வடிகால், வீதி, குப்பை, தெருவிளக்கு என ஆயிரம் வேலை உண்டு, காலநிலை பற்றிய பேச்சு கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் உரியது" என்று சொல்லுவோர் உளர். சரித்திரத்தைப் பார்த்தால் உண்மை மறுதலையாய் இருக்கிறது. நீரையும் நிலத்தையும் காத்தற்கே ஊர்ச்சபை பிறந்தது.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைத் தமிழ் மாணவர் அறிவர். அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியன. குடவோலை முறையிலே தெரிந்தெடுக்கப்பட்டவர்களுள் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்டவாரியம், அறுவர் ஏரிவாரியம். ஊர்ச்சபையின் தலையாய வேலைகளாக எண்ணப்பட்டவற்றுள் இரண்டு, மரமும் நீரும்! பதவிக்காலம் ஓராண்டு. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் தெரிவுக்குத் தகுதியற்றவர் என்பதும் அங்கே விதி.

அது சோழநாடு, ஈழத்திலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. பழைய இராசகாரிய முறையிலே குளம் திருத்தல் குடிகளின் கட்டாய ஊழியங்களுள் ஒன்று. ஆங்கில அரசு 1832 இல் இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய ஊழியத்தினின்றும் குடிகள் விடுபட்டது நல்லதே. ஆனால் குளத்தைக் காக்கும் கடனை வேறெவரிடமும் ஒப்புவிக்காது விட்டனர். குளங்கள் தூர்ந்தன. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1856 இல், தேசாதிபதி வார்ட் காலத்திலே நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் ஒன்று பிறந்தது. பழைய கிராம சபைகளைக் கூட்டி, ஊர் வழக்குப்படி குளத்தையும் வாய்க்காலையும் பேணுதற்கு அது அதிகாரம் வழங்கியது. 1871 ஆம் ஆண்டுச் சட்டம் அச்சபைகளை மேலும் விரித்தது. பின்னர் அவை கிராமச் சங்கங்களாகி, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினாலே பிரதேச சபைகள் எழுந்தன. ஆகவே எங்கள் சபையின் மூதாதை குளத்தங்கரையிலே பிறந்தவள். வீதியும் விளக்கும் பின்னர் வந்த பிள்ளைகள்.

அதிகாரம் இன்று சிதறிக் கிடக்கிறது என்பது மெய்யே. சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது; மணலுக்கு உத்தரவு கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம்; கடற்கரை வேறொரு திணைக்களம்; கண்டற்காடு காட்டிலாகாவுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் உரியது. ஒரே நீர் ஐந்து அலுவலகங்களின் படலையைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஆயினும் சபை கையற்றதன்று. மக்களின் நலனையும் வசதியையும் பேணுதல் அதன் கடமையென்று சட்டம் கூறுகிறது. சிறு தொழிலகங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வழங்கும் பொறுப்பும் அதனிடம் ஒப்புவிக்கப்பட்டுள்ளது. நிதி முதலிய துறைகளோடு சுற்றாடலுக்கும் குழு அமைக்கலாம். அக்குழுவிலே சபை உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்கலாம் எனவும் சட்டம் இடந்தருகிறது. தோட்டவாரியமும் ஏரிவாரியமும் வேறு பெயரோடு நம் சட்டப்புத்தகத்திலேயே இருக்கின்றன. எடுத்தாளுவார் வேண்டும்.

எடுத்தாளுவாரும் சிலகாலம் இல்லாது போயினர். 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதியே நடந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதி எவருமின்றி உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். புயல் வந்தபோது புதிய சபைகளுக்கு வயது ஏறத்தாழ ஆறு மாதம். அவற்றைக் குறைகூறல் நியாயமன்று. இனிமேல் செய்வதை வைத்தே மதித்தல் வேண்டும்.

செய்து காட்டியோர் உளர். எங்கள் அயலிலே, சிலாபக் களப்பை அடுத்த பம்பலவிலே, சுதீச என்னும் சிறுமீனவர் அமைப்பு நெடுங்காலமாகக் கண்டல் காத்து வருகிறது. 2015 இல் சீகொலொஜி என்னும் அமெரிக்க அமைப்பும் அரசாங்கமும் அதனோடு கைகோத்தன. களப்போரத்துப் பெண்கள் 15,000 பேருக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுத்தல். அவர்கள் தத்தம் ஊர்க் கண்டலை வெட்டாது காத்தல் என்பது திட்டம். 2016 இல் பம்பலவிலே கண்டலுக்கென ஓர் அரும்பொருட்சாலையும் திறந்தனர். விறகுக்குக் காட்டை நம்பிய ஏழையை வெறுங்கையோடு "வெட்டாதே" என்று தடுத்தல் அறமாகாது. வேறு வழி காட்டியபின் தடுத்தலே அறம். 2024 இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை உலகின் முன்மாதிரிகளுள் ஒன்றாக எண்ணியது.

பிச்சாவரத்திலே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழ்நாட்டு வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து செய்தது வேறொரு பாடம். அழிந்த காட்டிலே கன்று நடுமுன் மீன்முள் வடிவிலே வாய்க்கால் வெட்டி, தேங்கிய உவர்நீர் வடியவும் கடல்நீர் வந்து போகவும் வழி செய்தனர். நீர் ஒழுங்குபட்டபின் காடு எழுந்தது. எங்கள் கைவிட்ட இறால் குளங்களுக்கும் இதுவே மருந்து: முதலில் வரம்பை உடைத்து ஏற்றவற்றத்தை உள்ளே விடவேண்டும், விதை நீரோடு தானே வரும்.

ஊர்ச்சபை நேரே முன்வந்தமைக்குக் கேரளத்து வயநாட்டிலே மீனங்காடி ஊராட்சி சான்று. தம் ஊர் வெளிவிடும் கரியின் அளவையும் மரமும் மண்ணும் உறிஞ்சும் அளவையும் சமன்செய்வோம் என்று அவர்கள் 2016 இல் தொடங்கினர். அதன் ஒரு பகுதியாக, கமக்காரர் தாம் வளர்த்த மரத்தைக் கூட்டுறவு வங்கியில் ஈடுவைத்து, மரமொன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபா வீதம் வட்டியில்லாக் கடன் பெறுகின்றனர். மரம் நிற்கும்வரை பணம். வெட்டினால் திருப்பிக் கொடுக்கவேண்டும். இத்திட்டத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. அவர்கள் நட்ட கையைப் போற்றவில்லை. நின்ற மரத்தைப் போற்றினர்.

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு, சிலாப நகரசபையிடமும் பிரதேச சபையிடமும் மூன்றே மூன்று விண்ணப்பம் செய்வேன்.

முதலாவது, சுற்றாடல் குழுவை அமைக்க. அதில் களப்பு மீனவரும் கமக்காரரும் பெண்கள் சங்கத்தாரும் கோவில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றைச் சார்ந்தோரும் இருக்க. என்னைப் போன்ற பேச்சாளர் ஒருவர் போதும். நீர் எங்கே வற்றும், எங்கே வற்றாது என்றறிந்தவர் பலர் வேண்டும். அலுவலகங்கள் ஐந்தையும் ஒரு மேசைக்கு அழைக்கும் வேலையையும் அக்குழுவே ஏற்க.

இரண்டாவது, ஊராரின் முயற்சிக்குக் கொடுக்கும் உதவியைத் தவணையாகக் கொடுக்க. நடும் நாளில் ஒரு பங்கு. ஓராண்டு கழித்து நிற்பவற்றை எண்ணி ஒரு பங்கு. மூன்றாம் ஆண்டிலே எஞ்சிய பங்கு. மாடு புகாத வேலிக்கும் வாய்க்கால் தூர் எடுத்தற்கும் ஆண்டுதோறும் சிறுதொகை ஒதுக்கினால், விழாவுக்குச் செலவிடும் பெருந்தொகையினும் அது பயன் தரும். வரவு குறைந்த சபைக்கும் இது இயலும். ஏனெனில் இத்தகைய காவலுக்குப் பணத்தினும் தொடர்ச்சியே பெரிது.

மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை கணக்கைப் பொதுக்கூட்டத்திலே தமிழிலும் சிங்களத்திலும் படிக்க. எத்தனை குளம் திருத்தினோம், எத்தனை கன்று நட்டோம் என்பதோடு எத்தனை இறந்தன, ஏன் இறந்தன என்பதையும் சொல்லுக. தோல்வியைச் சொல்லும் சபையை மக்கள் இகழார். உத்தரமேரூரார் கணக்குக் காட்டாதவரையே விலக்கினர். நட்டப்பட்டவரை விலக்கியதாகக் கல்வெட்டில் இல்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள். மனிதரின் ஒழுக்கம் உரிப்பொருள். வகுப்பிலே இதனைப் பரீட்சைக்கு மனனஞ் செய்விக்கிறோம். நிலம் கெட்டுப் பொழுதும் திரிந்தால், நெய்தல் என்னும் திணை நூலில் மட்டும் எஞ்சும் என்பதை அதே வகுப்பிலே சொல்லும் நாள் வந்துவிட்டது.

மாணவனுக்கு விடை இது: எங்கள் ஊர் அவ்வெள்ளத்தைத் தாங்கவில்லை, பட்டது, அவ்வளவே. தாங்குதிறன் என்னும் சொல் அகராதியில் ஏறுவதற்குமுன் ஊரில் ஏறவேண்டும். அவனும் அவன் தோழர் நால்வரும் வருகிற சனிக்கிழமை களப்போரம் சென்று, கடந்த சில ஆண்டுகளில் நட்ட கன்றுகளில் நிற்பவை எத்தனை என்று எண்ணி எழுதிவரப் போகின்றனர். இம்முறை அம்முதியவரையும் உடன் வருமாறு கேட்டிருக்கிறோம்; இசைந்திருக்கிறார். அக்கணக்கை, எண்ணிக்கை எவ்வளவு சிறிதாயினும், சபைத் தவிசாளருக்கு அனுப்பிவைப்பேன்.